ஆன்டிபாடி குப்பியும் உப்புமாங்காய்ப் பரணியும்

குப்பிக்குள் இருப்பது 100 மைக்ரோலிட்டர். சொட்டு மருந்துக் கணக்கில் சொன்னால் இரண்டே சொட்டு. விலையோ பல ஆயிரம். டி.என்.எஃப். ரிசப்டரைக் காட்டித்தரும் ஆன்டிபாடி முதல் தடவை எங்க லேபுக்கு வந்த அன்று, பெட்டியைப் பிரித்த எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "மீதி எங்கே?"

நம்ம குமரி மாவட்டத்துக் கல்லூரி லேபுகளில் நொச்சி, முடக்கத்தான் என்று ஏதாவது ஒரு பச்சிலையை அரைத்து, சாறெடுத்து, அது வீக்கத்தை அடக்குகிறதா என்று பார்க்கிற பிள்ளைகள் எப்போதும் உண்டு. வீக்கத்துக்குத் தண்டோரா போடுவது டி.என்.எஃப். என்கிற சைட்டோகைன். செல்லின் வாசலில் நின்று அதைக் கேட்கிற காதுதான் ரிசப்டர். காது இருக்கிறதா, கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த இரண்டு சொட்டு.

வெஸ்டர்ன் பிளாட் எப்படிப் போடுவது என்று உங்களுக்குச் சொல்லித்தர வரவில்லை. போடத் தெரிந்தவர்கள் வீட்டிலும் காசு கரைகிறதே, அந்த ஓட்டைகளை அடைக்கத்தான் இது. பெரும்பாலும் அடுக்களைப் புத்திதான் மக்கா, அம்மாவிடம் கேட்டால் பாதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

1. ஆர்டர் கொடுக்கிற அன்று காலண்டரைப் பாருங்க. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற டீலருக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியும்; டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா தெரியாது, மண்டைக்காட்டுக் கொடை தெரியாது, மாசி 20 அய்யா வைகுண்டர் பிறந்த நாள் தெரியாது. இங்கே உள்ளூர் விடுமுறை, கல்லூரி கேட்டில் பூட்டு, குப்பி கூரியர்காரர் அறையில் வேர்த்துக் கிடக்கும். திங்கள் கிளம்பி புதனுக்குள் வந்து சேரும்படி சொல்லிவிடுங்க.

2. வாங்கும் முன்பு அக்கம்பக்கத்து லேபில் ஒரு வார்த்தை கேளுங்க. பால் உறையூற்ற மோர் கடன் கேட்பது போலத்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. 5 மைக்ரோலிட்டர் இரவல் கிடைத்தால், நம்ம செல்லில் அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டே காசை இறக்கலாம்.

3. சில கம்பெனிகள் 20 மைக்ரோலிட்டர் சின்னக் குப்பியும் விற்கும். கேட்டால்தான் சொல்வார்கள். கணக்குப் பார்த்தால் பெரிய குப்பிதான் லாபம், ஆனால் ஒத்துவராத பெரிய குப்பியைவிட ஒத்துவராத சின்னக் குப்பி நல்லது.

4. ஆன்டிபாடியோடு வருகிற தாளைப் பெட்டியோடு தூக்கிப்போடாதீங்க. அதில் முதலில் தேட வேண்டியது, ஆன்டிபாடி ரிசப்டரின் எந்தப் பக்கத்தைப் பிடிக்கிறது என்பதை. டி.என்.எஃப். ரிசப்டர் 1 செல் சவ்வைத் துளைத்துக்கொண்டு பாதி வெளியே, பாதி உள்ளே நிற்கிறது. வெளிப்பகுதியைப் பிடிக்கிற ஆன்டிபாடி என்றால் உயிருள்ள செல்லின் மேலேயே போடலாம். உள்வாலைப் பிடிக்கிறது என்றால் செல்லை உடைத்தோ துளை போட்டோதான் பார்க்க முடியும். ரத்தத்தில் மிதக்கிற ரிசப்டர் துண்டைத் தேடுகிறவர்கள் உள்வால் ஆன்டிபாடியை வாங்கினால் காசு தண்டம். அந்தத் துண்டுக்கு வாலே கிடையாது.

5. முயலில் எடுத்ததா, எலியில் எடுத்ததா என்பதையும் வாங்கும்போதே திட்டமிடுங்க. லேபில் வாங்குகிற எல்லா முதல் ஆன்டிபாடியையும் இந்த இரண்டு வகைக்குள் அடக்கிவிட்டால் இரண்டாம் ஆன்டிபாடி இரண்டே குப்பி போதும். ஆடு, கோழி, கழுதை என்று சேர்த்துக்கொண்டே போனால் ஃப்ரீசர் தொழுவமாகிவிடும்.

6. குப்பி வந்தவுடன் மூடியைத் திருகாதீங்க. வழிநெடுகக் குலுங்கி வந்ததில் பாதி மருந்து மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். சின்ன சென்ட்ரிஃப்யூஜில் பத்து விநாடி சுற்றி அடியில் இறக்கிவிட்டுத் திறங்க. மூடியைத் துடைத்த டிஷ்யூவோடு ஐந்தாயிரம் ரூபாய் போகாது.

7. பொடியாக வருகிற ஆன்டிபாடி என்றால், மூடியபடியே அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். நம்ம கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், குளிர்ந்த குப்பியைத் திறந்த மாத்திரத்தில் உள்ளே தண்ணீர் கோத்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றிக் கரைக்கும்போதும் பைய உருட்டுங்க. குலுக்கி நுரை எழுப்பினால் புரதம் கெடும்.

8. இப்போது பரணிக்கு வருவோம். வீட்டில் உப்புமாங்காய்ப் பரணியைத் தினமும் திறக்கிறோமா? ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சின்னப் பாட்டிலில் எடுத்துவைத்துவிட்டு, பரணி வாயைத் துணி கட்டி மூலையில் வைப்போம். ஆன்டிபாடியும் அப்படித்தான். வந்த அன்றே 10 மைக்ரோலிட்டர் வீதம் சின்னக் குழாய்களில் பிரித்து மைனஸ் 20-ல் வைங்க. உறைந்து உருகி, மறுபடி உறைந்து உருகினால் ஆன்டிபாடிகள் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு வேலைக்கு ஆகாமல் போகும். ஒரு குழாயை ஒரு தடவை உருக்கினால், மீதியை மறுபடி ஃப்ரீசருக்கு அனுப்பாமல் 4 டிகிரியில் வைத்துத் தீர்த்துவிடுங்க.

9. அதற்காக 2 மைக்ரோலிட்டர் வீதம் ஐம்பது குழாயாகப் பிரிக்கவும் கூடாது. அவ்வளவு சின்ன அளவு பிளாஸ்டிக் சுவரிலேயே ஒட்டி, மீதி ஆவியாகி, நீங்கள் திறக்கும்போது வெறுங்குழாய்தான் இருக்கும். பத்துக்குக் கீழே போகாதீங்க.

10. பாதிக்குப் பாதி கிளிசரால் கலந்து வருகிற ஆன்டிபாடியைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்லெண்ணெய் மிதக்கிற ஊறுகாய் மாதிரி. மைனஸ் 20-லும் உறையாது, அப்படியே எடுத்துப் போடலாம். மைனஸ் 80-ல் வைத்தால்தான் உறைந்து தொல்லை கொடுக்கும்.

11. "புது ஃப்ரிட்ஜ், பனியே கட்டாது" என்று பெருமையாக வாங்கித்தருவார்கள். பனி கட்டாத ஃப்ரிட்ஜ் என்றால், அது அவ்வப்போது தன்னைத்தானே சூடாக்கிப் பனியை உருக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். ஓரத்தில் இருக்கிற ஆன்டிபாடி நமக்குத் தெரியாமலே உருகி உறைந்துகொண்டிருக்கும். பனி கட்டுகிற பழைய ஒற்றைக்கதவு ஃப்ரீசர்தான் இதற்கு உத்தமம். மூன்று மாதத்துக்கொருமுறை பனியைச் சுரண்டுகிற வேலையை முணுமுணுக்காமல் செய்துவிடுங்க.

12. பனி கட்டாததுதான் இருக்கிறது என்றால், ஒரு சின்னத் தெர்மோகோல் பெட்டிக்குள் ஜெல் பை இரண்டைப் போட்டு, அதன் நடுவில் குழாய்களை வைத்து, பெட்டியோடு ஃப்ரீசரின் பின்பக்கம் தள்ளுங்க. கதவு ஓரம் மட்டும் வேண்டாம். கதவில் முட்டைதான் இருக்கும், ஆன்டிபாடி இருக்காது.

13. மார்க்கரில் எழுதிய பெயர், ஈரம் பட்ட கையும் ஸ்பிரிட்டும் சேர்ந்தால் ஒரே மாதத்தில் அழிந்துவிடும். காகித டேப்பில் பென்சிலால் எழுதி ஒட்டி, அதன்மேல் கண்ணாடி டேப்பை ஒரு சுற்றுச் சுற்றுங்க. பெயர், லாட் எண், பிரித்த தேதி மூன்றும் இருக்கணும். "புதுசு" என்று மட்டும் எழுதிய குழாய் எங்க ஃப்ரீசரில் நான்கு வருஷமாகக் கிடக்கிறது.

14. எந்தத் தட்டில் எது என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரீசர் கதவின் வெளிப்பக்கம் ஒட்டுங்க. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தேடுகிற நேரம்தான் கரண்ட் பில்லும் ஆன்டிபாடியும் சேர்ந்து நஷ்டமாகிற நேரம்.

15. கரண்ட் போனால்? இதை 2017 நவம்பர் 30-க்குப் பிறகு இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒக்கிப் புயலில் ரப்பரும் வாழையும் மட்டும் விழவில்லை, மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அன்றைக்கு எங்களுக்குப் புரிந்தது, காலியாக இருக்கிற ஃப்ரீசர் சீக்கிரம் சூடாகும் என்பது. அதிலிருந்து காலி இடமெல்லாம் தண்ணீர் நிறைத்த பாட்டில்தான். நிறைந்த ஃப்ரீசரைத் திறக்காமல் வைத்தால் ஒரு நாளைத் தாண்டியும் குளிர் நிற்கும். "உருகியிருக்குமோ" என்று மணிக்கொருதரம் திறந்து பார்க்கிற ஆர்வக்காரரை முதலில் வீட்டுக்கு அனுப்புங்க.

16. திறக்காமலே உருகியதா என்று தெரிந்துகொள்ள முடியாதுதான். ஆனால் திறந்த பிறகாவது உண்மை தெரியணுமே. ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஃப்ரீசரில் விட்டுவிடுங்க. லீவு முடிந்து வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் நிம்மதி. பனிக்குள் மூழ்கியிருந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது.

17. ஐஸ் மெஷின் இல்லாத லேபா? நமக்கென்ன குறை, சின்னமுட்டமும் குளச்சலும் தேங்காய்ப்பட்டணமும் பக்கத்தில் இருக்கு. மீன் ஐஸ் ஒரு பெட்டி வாங்கினால் ஒரு நாள் வேலை ஓடும். சுத்தம் எதிர்பார்க்காதீங்க, குழாய்களை ஜிப் பைக்குள் போட்டு, அந்தப் பையை ஐஸில் புதையுங்க.

18. வெறும் ஐஸ் பூஜ்ஜியம் டிகிரிதான் தரும். மைனஸ் 20 வேண்டுமென்றால் மூன்று பங்கு நொறுக்கிய ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு போட்டுக் கிளறுங்க. உப்பு ஐஸை உருக்கும், உருகுவதற்கு வேண்டிய சூட்டைச் சுற்றியிருப்பதிலிருந்தே உறிஞ்சும், அதனால் கலவை மைனஸ் 20 பக்கம் இறங்கும். வீட்டில் ஐஸ்கிரீம் சுற்றிய தாத்தாக்கள் செய்த வித்தைதான். தெர்மோகோல் பெட்டியில் போட்டு மூடினால் கரண்ட் வரும்வரை சில மணி நேரம் ஓட்டலாம். ஐஸ் உருக உருகச் சூடு ஏறும், ஆகவே தண்ணீரை வடித்து ஐஸும் உப்பும் சேர்த்துக்கொண்டே இருக்கணும். சாமித்தோப்பு, புத்தளம் பக்கம் உப்பளத்தை வைத்துக்கொண்டு உலர்பனிக்கட்டிக்கு வெளியூருக்கு ஆள் விடுவானேன்!

19. ஒளிரும் சாயம் கட்டிய ஆன்டிபாடியை மட்டும் அந்த உப்பு ஐஸ் பக்கமே கொண்டுபோகாதீங்க. பெரும்பாலானவற்றுக்கு உறைவது ஆகாது. 4 டிகிரியில், இருட்டில் இருக்கணும். அலுமினியத் தாளில் சுற்றி, மூடி உள்ள காப்பித்தூள் டின்னில் போட்டால் ஃப்ரிட்ஜ் விளக்குகூடப் படாது.

20. பிளாட்டை மூட பால் பவுடர் போதும், ஆனால் பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒருதரம் வாசியுங்க. டீக்குப் போடுகிற டெய்ரி ஒயிட்னரில் பல வகைகளில் சர்க்கரை கலந்திருக்கும். கொழுப்பு நீக்கிய வெறும் பால் பவுடராகப் பார்த்து, 100 மில்லிக்கு 5 கிராம்.

21. பவுடரை மொத்தமாகக் கொட்டினால் களி மாதிரி கட்டி விழும். தண்ணீர் சுழலும்போதே தூவுங்க. பிறகு வடிதாளில் வடிகட்டிக்கொண்டால், கடைசியில் பிளாட்டில் மிளகு தூவினது போல வருகிற கறுப்புப் புள்ளிகள் இருக்காது.

22. அந்தப் பாலை ராத்திரி முழுக்க மேசையில் வைக்காதீங்க. நம்ம ஊர் வெக்கையில் காலையில் தயிராகத்தான் இருக்கும். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்று கரைப்பதே சிக்கனம். ராத்திரி ஊறவேண்டியது ஃப்ரிட்ஜில் ஊறட்டும்.

23. பால் எல்லாத்துக்கும் ஆகாது. ரிசப்டர் மணியடித்த பிறகு உள்ளே நடக்கிற பாஸ்பேட் ஒட்டும் வேலையைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், பாலில் உள்ள கேசீனிலேயே பாஸ்பேட் இருக்கு, ஆன்டிபாடி அங்கேயும் போய் ஒட்டும். பயோட்டின் முறைக்கும் பால் எதிரி. இந்த இரண்டுக்கும் பி.எஸ்.ஏ.வை எடுங்க, மற்ற நாளெல்லாம் பால்.

24. ட்வீன் 20 தேன் மாதிரி கெட்டி. டிப்பின் நுனியைக் கத்தரியால் வெட்டிவிட்டு உறிஞ்சினால் சரியான அளவு வரும். அதைவிட நல்லது, ஒரே தடவையாக 10 சதவீதக் கரைசலாகக் கலக்கிவைத்துக்கொண்டு அதிலிருந்து எடுப்பது.

25. பி.பி.எஸ். பத்து மடங்காகச் செய்துவைத்தால் வாரத்துக்கு ஒரு வேலை மிச்சம். ஆனால் அதை ஃப்ரிட்ஜில் வைக்காதீங்க, அடியில் கற்கண்டு மாதிரி உப்புப் படியும். படிந்துவிட்டால் பதறி ஊற்றவேண்டாம். இளஞ்சூட்டில் வைத்துக் கலக்கினால் கரைந்துவிடும்.

26. ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர் "வடிநீர் மாதிரிதானே" என்று வாளி வைத்துப் பிடிக்கிற புத்திசாலிகள் உண்டு. அது காற்றிலிருக்கிற தூசியையும் குழாயின் உலோகத்தையும் கழுவிக்கொண்டு வருகிற தண்ணீர். செடிக்கு ஊற்றுங்க.

27. டி.என்.எஃப். ரிசப்டர் 1-இன் பட்டை 55 கிலோடால்டன் பக்கம் நிற்கும். கூட ஒரு காவல் புரதம் பார்க்கணும் என்று எல்லாரும் டியூபுலினை எடுப்பார்கள். அதுவும் ஏறத்தாழ அதே உயரம், இரண்டும் மேலே மேலே விழும். ஆக்டின் 42, அதுவும் கொஞ்சம் நெருக்கம்தான். 37 பக்கம் வருகிற ஜி.ஏ.பி.டி.எச்.ஐ எடுத்துக்கொண்டால், மெம்பிரேனைக் குறுக்கே வெட்டி மேல்துண்டுக்கு ஒன்று, கீழ்த்துண்டுக்கு ஒன்று என்று ஒரே நேரத்தில் முடித்துவிடலாம். முழு மெம்பிரேனையும் முக்கப் பத்து மில்லி. வெட்டிய துண்டுக்கு இரண்டு மில்லி. ஆயிரத்துக்கு ஒன்று என்று கலந்தால் நம்ம இரண்டு சொட்டு 100 மில்லி வரும். பத்துப் பத்தாக ஊற்றினால் பத்தே பிளாட், இரண்டு இரண்டாக ஊற்றினால் ஐம்பது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்க.

28. வெட்டும் முன்பு பான்சோ எஸ் சாயத்தில் ஒரு நிமிஷம் முக்குங்க. எந்த வரிசையில் புரதம் இறங்கியிருக்கு, எங்கே குமிழி விழுந்திருக்கு என்று கண்ணுக்குத் தெரியும். மோசமான பிளாட்டில் நல்ல ஆன்டிபாடியை ஊற்றவேண்டாம். சாயத்தைத் திரும்ப பாட்டிலிலேயே ஊற்றுங்க, பலமுறை வரும்.

29. இரண்டு மில்லி எப்படிப் போதும் என்கிறீர்களா? சிப்ஸ் கடையில் ஏத்தன்காய் வறுவல் பாக்கெட்டின் வாயை ஒட்டுகிற மெஷின் இருக்கிறதே, அதே தினுசில் ஒரு சின்னது வாங்கிப்போடுங்க. கெட்டியான பிளாஸ்டிக் கவரில் மெம்பிரேனைப் போட்டு, ஆன்டிபாடி ஊற்றி, காற்றைத் தள்ளி, ஓரத்தை ஒட்டிவிட்டால் கசியாது. எங்க லேபில் எல்லாக் கருவியையும்விட அதிகம் உழைக்கிறது அந்தச் சீலர்தான்.

30. கண்ணாடித் துண்டில் செல் வளர்த்து ஒளிரவைத்துப் பார்க்கிறவர்களுக்கு 40 மைக்ரோலிட்டரே தாராளம். பாராஃபிலிமின் மேல் ஒரு சொட்டு வைத்து, கண்ணாடியைச் செல் பக்கம் கீழாகக் கவிழ்த்துவிடுங்க. ஈரத் துணி விரித்த சோற்று டப்பாவுக்குள் வைத்து மூடினால் ராத்திரி முழுக்கக் காயாது.

31. கலந்த ஆன்டிபாடியை ஒரு தடவையிலேயே கொட்ட வேண்டியதில்லை. மில்லிக்கு 2 மைக்ரோலிட்டர் வீதம் 10 சதவீத சோடியம் அசைடு சேர்த்து 4 டிகிரியில் வைத்தால் இன்னும் சில தடவை வரும். எத்தனையாவது தடவை என்று குழாயில் கோடு போட்டுக்கொண்டே வாங்க. கலங்கிவிட்டால், வாடை வந்தால் போதும், விட்டுவிடுங்க. எச்.ஆர்.பி. கட்டிய இரண்டாம் ஆன்டிபாடியில் மட்டும் அசைடு ஒரு துளியும் ஆகாது, அந்த நொதியையே அது அடக்கிவிடும்.

32. அசைடு கொடிய விஷம், சிக்கனம் பார்க்கிற பொருள் இல்லை. அமிலத்தோடு சேரக்கூடாது. செம்பு, ஈயக் குழாயுள்ள தொட்டியில் ஊற்றவும் கூடாது, குழாய்க்குள் சேர்ந்து வெடிக்கிற உப்பாகும். தனிப் பாட்டிலில் சேர்த்துக் கழிவுக்குக் கொடுத்துவிடுங்க.

33. ரசத்துக்கு மிளகு எவ்வளவு என்று புத்தகம் சொல்லும், நாக்குதான் முடிவுசெய்யும். தாளில் "1:1000" என்று போட்டிருப்பதும் அப்படியே. ஜெல் ஓட்டாமலே, மெம்பிரேனில் சாம்பிளைச் சொட்டாக வைத்து, 500, 1000, 2000, 4000 என்று நான்கு துண்டுகளில் பாருங்க. கறுப்பாக இருப்பதைத் தேர்ந்தெடுக்காமல், பின்னணி வெளுத்தும் புள்ளி தெளிந்தும் இருப்பதை எடுங்க. பலநேரம் அது தாளில் போட்டதைவிடச் சிக்கனமான அளவாகவே இருக்கும்.

34. தாளில் "நான்-ரெட்யூசிங்" என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்க. டி.என்.எஃப். ரிசப்டரின் வெளிப்பகுதியில் சிஸ்டீன் நிறைந்த நான்கு கண்ணிகள் உண்டு, கந்தகப் பாலங்கள்தான் அவற்றை மடித்துப் பிடித்திருக்கின்றன. வழக்கம்போல மெர்காப்டோஎத்தனால் ஊற்றிக் கொதிக்கவைத்தால் பாலம் உடைந்து, அந்த மடிப்பைத் தேடி வருகிற ஆன்டிபாடி முகவரி தெரியாமல் திரும்பிவிடும். எங்களுக்கு இது தெரிய மூன்று வெள்ளைப் பிளாட் செலவானது. மூன்று வாரமும்.

35. செல்லைத் தட்டிலிருந்து எடுக்க டிரிப்சின் ஊற்றினால், வாசலில் நிற்கிற ரிசப்டரையும் சேர்த்து அறுத்துவிடும். மேற்பரப்பு ரிசப்டரைப் பார்க்கிற அன்று இ.டி.டி.ஏ. போட்டோ, சுரண்டியோ எடுங்க. எடுத்தவுடன் ஐஸில் வைங்க: செல்லுக்கே ஏ.டி.ஏ.எம். 17 என்று ஒரு கத்தரிக்கோல் உண்டு, சூட்டில் விட்டால் அது ரிசப்டரை வெட்டி வெளியே எறிந்துகொண்டே இருக்கும்.

36. டி.எச்.பி.-1 போன்ற மோனோசைட் வகைச் செல்களுக்கு எந்த ஆன்டிபாடியின் வாலையும் பிடித்து இழுக்கிற பழக்கம் உண்டு. முதலில் சும்மா கிடைக்கிற மனித ஐ.ஜி.ஜி.யைப் போட்டு அதன் கையை நிறைத்துவிட்டு, பிறகு நம்ம விலையுயர்ந்ததைப் போடுங்க. சோறு வைக்கும் முன்பு பிள்ளைகளுக்கு முறுக்கு கொடுத்து உட்காரவைப்பது போல.

37. இரண்டாம் ஆன்டிபாடி மட்டும் போட்ட ஒரு துண்டு, ரிசப்டர் நிச்சயமாக இருக்கிற செல்லின் ஒரு துண்டு, இரண்டும் ஒவ்வொரு தடவையும் கூடவே ஓடணும். பச்சிலைக்காரர்கள் சாறு கரைத்த டி.எம்.எஸ்.ஓ. மட்டும் போட்ட செல்லையும் சேர்த்துக்கொள்ளுங்க. இதில் மிச்சம்பிடித்தவர்கள் பிறகு மொத்தத்தையும் திரும்பச் செய்தார்கள்.

38. ஒளிர்கரைசலை மெம்பிரேனின் மேல் தாராளமாக ஊற்றாதீங்க. அரை மில்லி ஊற்றி, ஸ்டேஷனரிக் கடையில் விற்கிற வழவழப்பான பிளாஸ்டிக் ஃபைலை அளவாக வெட்டி மேலே படுக்கவைத்தால், தானே மெல்லிசாகப் பரவிவிடும்.

39. ரத்தத்தில் மிதக்கிற ரிசப்டர் துண்டைப் பார்க்க எலைசா கிட் வாங்கினால், தட்டு எட்டெட்டுக் கிணறாகப் பிரிகிறதா என்று கேட்டு வாங்குங்க. வேண்டிய கீற்றை மட்டும் கழற்றிக்கொண்டு மீதியை சிலிகா ஜெல்லோடு ஜிப் பையில் போடலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் அளவுகோல் வரிசைக்கு இரண்டு கீற்று போய்விடும், ஆகையால் இரண்டு மூன்று பேர் சாம்பிளைச் சேர்த்து ஓட்டுவதே லாபம். டி.என்.எஃப்.ஐவிட இந்தத் துண்டு ரத்தத்தில் பலமடங்கு அதிகமாக இருக்கும் என்பதால் சீரத்தை நீர்த்துப்போடலாம். இரண்டு சொட்டு ரத்தம் எடுத்தவருக்கும் நிம்மதி.

40. நிறம்மாறிய சிலிகா ஜெல்லைத் தூக்கியெறியாதீங்க. 110 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் வரும். லேப் அடுப்பில் மட்டும். வீட்டு அப்பளம் பொரிக்கிற சட்டியில் வேண்டாம்.

41. ஃப்ளோ சைட்டோமீட்டருக்குத் திருவனந்தபுரம் போகிறவர்கள் செல்லைச் சாயமேற்றி, பாராஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்தி, இருட்டில் குளிரவைத்து எடுத்துப்போங்க. எழுபது கிலோமீட்டர்தான் என்றாலும் பார்வதிபுரம் தாண்டுவதற்குள் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். நிலைநிறுத்திய செல் ரயில் தாமதத்துக்கெல்லாம் பதறாது.

42. செலவில்லாத ஒரு தகவல், சலிப்பாக இருக்கிற நாளுக்கு. கட்டிகளை அழுகவைக்கிற பொருள் என்று டி.என்.எஃப்.ஐ நியூயார்க்கில் லாய்ட் ஓல்டு குழுவினர் வெளியிட்டது 1975-ல். ஒரே மாதிரியான ஆன்டிபாடியை முடிவில்லாமல் சுரக்கவைக்கிற வழியைக் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் வெளியிட்டதும் அதே 1975-ல். இரண்டாமவர்கள் 1984-ல் நோபல் வாங்கினார்கள், ஆனால் அந்த முறைக்குக் காப்புரிமை வாங்கப்படவில்லை. வாங்கியிருந்தால் நம்ம இரண்டு சொட்டு என்ன விலை இருந்திருக்கும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

43. குப்பியில் "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று எழுதியிருப்பது சும்மா அலங்காரமில்லை. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் டோசிலிசுமாப் என்கிற ஆன்டிபாடி மருந்து கிடைக்காமல் ஊரே அலைந்தபோது, "உங்க லேபிலும் அந்த ஐ.எல்.-6 ரிசப்டர் ஆன்டிபாடி இருக்காமே" என்று ஒருவர் கேட்டே விட்டார். பிடிக்கிற ரிசப்டர் ஒன்றுதான். ஆனால் நம்ம குப்பியில் அசைடு இருக்கும், பாக்டீரியா நச்சு இருக்கலாம், உடம்புக்குள் போகிற சுத்தம் அதற்குக் கிடையாது. நோயாளியின் ரிப்போர்ட் எழுதவும் அதைப் பயன்படுத்தக்கூடாது. கேட்கிறவர்களிடம் பொறுமையாக, ஆனால் கண்டிப்பாகச் சொல்லுங்க.

44. ஆன்டிபாடி வந்த தெர்மோகோல் பெட்டியையும் ஜெல் பைகளையும் சேர்த்துவைங்க, அடுத்த ஒக்கிக்கு ஆகும். அடுக்களையிலிருந்து டப்பா, டின், சல்லடை என்று எதுவும் லேபுக்குப் போகலாம். போனது திரும்பி வரக்கூடாது. எங்க பெட்டிகளில் சிவப்பு மையில் "மீனுக்கு அல்ல" என்று எழுதித்தான் வைத்திருக்கிறோம். போன மாதம் ஒன்றைக் காணவில்லை, கிடைத்தபோது சாளை வாடை அடித்தது.